பழைய எடை, தொலைந்த எடை: சீரியல் போர்ட்டை ஸ்கிரிப்ட் எப்படிக் கேட்க வேண்டும்?

தை பிறந்துவிட்டால் மன்னார்குடி, பாபநாசம் பக்கத்து அரிசி ஆலைகளின் எடை மேடையில் லாரியும் டிராக்டர் டிப்பரும் வரிசை கட்டி நிற்கும். அந்த நெரிசலில் ஒரு வண்டியின் சீட்டில் முந்தைய வண்டியின் எடை அச்சாகி வந்தால் முதல் பழி எடையைக் காட்டும் கருவியான இண்டிகேட்டர் மேல்தான் விழும். எடையை உணரும் லோடு செல்லைப் பார்க்க ஆள் வருவார், அவற்றின் கம்பிகள் சேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறப்பார், ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் இண்டிகேட்டர் சரியான எடையைத்தான் அனுப்பியது. கணினியில் ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்ட், இருபது வினாடிக்கு முன் வந்ததை இப்போது வந்ததாக எடுத்துக்கொண்டது.

கருவியைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட்டில் வரும் தகவலை வாங்க ஐந்தாறு வழிகள் உண்டு. எது நல்லது என்று நூலகங்களை (தயார் நிரல் தொகுப்புகளை) மட்டும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. கருவி எப்படிப் பேசுகிறது, ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் வேறு வேலையில் முகம் திருப்புகிறது, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. கீழே உள்ளவை பைத்தான் மொழியையும், அதில் சீரியல் போர்ட்டைக் கையாளும் பைசீரியல் நூலகத்தையும் மனதில் வைத்து எழுதியவை. மற்ற மொழிகளிலும் நியாயம் இதேதான்.

மூன்று விதப் பேச்சு

எடை மேடை இண்டிகேட்டர் பெரும்பாலும் ஓயாமல் பேசும். மேடையில் வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினாடிக்குப் பத்து முறை எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு வரி தவறினால் நஷ்டமில்லை, அடுத்தது நூறு மில்லிவினாடியில் வந்துவிடும். பழைய வரிதான் விஷம்.

ஈரப்பதமானி, அச்சுப் பொத்தான் உள்ள மூட்டைத் தராசு, பால் சங்கத்தில் உள்ள பால் பகுப்பாய்வி போன்றவை காரியம் ஆனதும் ஒரே ஒரு முறை பேசும். கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதமா 18 சதவீதமா என்பதில்தான் தகராறே. அந்த ஒரு வரி தொலைந்தால் தொலைந்ததுதான், கருவி இன்னொரு முறை சொல்லாது.

மூன்றாவது வகை, கேட்டால் மட்டும் வாய் திறக்கும். மின்சார மீட்டர், நெல் உலர்த்தியின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி போன்ற மோட்பஸ் ஆர்டியு (தொழிற்சாலைக் கருவிகளின் கேள்வி-பதில் நெறிமுறை) சாதனங்கள் இந்த ரகம்.

இந்தப் பிரிவினையிலிருந்தே முக்கியமான விதி வந்துவிடுகிறது. ஓயாமல் பேசுவதற்குப் பழையதைக் கொட்டிவிட்டுக் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை பேசுவதற்கு எதையும் கொட்டக்கூடாது, வந்த வரிசையில் சேர்த்துவைக்க வேண்டும். கேட்டால் பேசுவதற்கு, கேட்பதற்குச் சற்று முன் மட்டும் கொட்ட வேண்டும். ஒரு கருவிக்கு எழுதிய ஸ்கிரிப்டை நகலெடுத்து இன்னொன்றுக்குப் போடும்போது கெட்டுப்போவது இங்கேதான். எடை மேடையில் தங்கமாக ஓடிய நிரல், ஈரப்பதமானியில் பத்துக்கு ஒன்றை விழுங்கும்.

கம்பி சரியா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினிப் பக்கம் ஒன்பது பின் கனெக்டரில் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 தரை. கருவி சும்மா இருக்கும்போது அதன் அனுப்பும் கம்பிக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட்டின் வழக்கமான மின்முறை) ஆக இருந்தால் கழித்தல் மின்னழுத்தம், பெரும்பாலும் -5 முதல் -12 வோல்ட் வரை, காட்டும். கூட்டல் 3.3 அல்லது 5 காட்டினால் அது டிடிஎல் மட்டம் (சில்லுகளுக்குள் பயன்படும் தாழ்ந்த மின்னழுத்த முறை), ஆர்எஸ்-232 அடாப்டரில் நேரே சொருகக் கூடாது. தூரம் 15 மீட்டரைத் தாண்டினால் நீண்ட தூரத்துக்கான ஆர்எஸ்-485 மாற்றியும் முறுக்கிய இணைக் கம்பியும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு ஆப்டோ தனிமைப்படுத்தல் (ஒளி வழியாகத் தகவலைக் கடத்தி மின்தொடர்பைத் துண்டிப்பது) உள்ள அடாப்டர் வாங்குவது வீண் செலவில்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர இடங்களில் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். இண்டிகேட்டரில் சட்டமுறை எடையளவு முத்திரை இருக்கும். முத்திரை உடைபடும் இடத்தில் கை வைக்காமல் வெளியே உள்ள போர்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

எழுத்து கலைந்து வந்தால் உடனே கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம். 0, 3, 5, 6, 9 சரியாகத் தெரிந்து 1, 2, 4, 7, 8 மட்டும் குப்பையாக வருகிறதா? கருவி 7 பிட், இரட்டைப் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு சரிபார்ப்பு பிட் சேர்ப்பது) அனுப்புகிறது, நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் படிக்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிந்தைய ஐந்து இலக்கங்களின் ஆஸ்கி குறியீட்டில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் எட்டாவது பிட் ஏறிவிடுகிறது. எல்லாமே குப்பை என்றால் பாட் வேகம் (வினாடிக்கு எத்தனை பிட் என்பது) பொருந்தவில்லை.

ஷெல் வழி

லினக்ஸில் கட்டளை தட்டும் ஷெல்லில், எஸ்டிடிஒய் (stty) கட்டளையால் வேகத்தை வைத்து, கேட் (cat) கட்டளையால் வருவதைக் கோப்பில் சேமிப்பது. அரை நாள் பதிவு எடுத்துக் கருவி என்னதான் சொல்கிறது என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. புதுக் கருவி எதுவானாலும் முதலில் இதைச் செய்து, கிடைத்த கோப்பை ஹெக்ஸ் வடிவில் (ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாக) பாருங்கள். சட்டத்தின் (கருவி ஒரு முறை அனுப்பும் முழுத் தகவல் துண்டின்) தொடக்கம் எது, முடிவு எது, வரி முடிவுக் குறியின் எண் 13 மட்டுமா அல்லது 13-ம் 10-ம் சேர்ந்தா என்பது கையேட்டைவிட இதில் தெளிவாகத் தெரியும்.

நிரந்தர வேலைக்கு இது ஆகாது. எதிரொலியை அணைக்க மறந்தால் லினக்ஸ், கருவி சொன்னதைக் கருவிக்கே திருப்பி அனுப்பும். சில கருவிகள் அதைக் கட்டளை என்று எண்ணிக் குழம்பும். ரா நிலையும் (வந்ததை மாற்றாமல் தருவது) எதிரொலி இல்லாமையும் சேர்த்தே வைக்க வேண்டும். பேஷ் ஷெல்லின் மாறியில் சுழியம் மதிப்புள்ள பைட் தங்காது என்பது இன்னொரு குறை.

முடிவில்லாமல் காத்திருக்கும் ரீட்லைன்

இணையத்தில் கிடைக்கும் பத்து உதாரணங்களில் எட்டு இப்படித்தான் இருக்கும்: போர்ட்டைத் திற, டைம்அவுட் (காத்திருக்கும் கால வரம்பு) இல்லாமல் ரீட்லைன் (ஒரு வரியைப் படிக்கும் கட்டளை) அழை, வந்ததை அச்சிடு. ஒரே கருவி, ஒரே வேலை, திரையோ தட்டச்சோ இல்லாத பதிவு எழுதி என்றால் இது போதும். ஒரு முறை பேசும் கருவிக்கு நன்றாகவே பொருந்தும்.

கரண்ட் போனால்தான் சங்கடம். இண்டிகேட்டர் அணைந்து, கணினி யுபிஎஸ்ஸில் நின்றால், ஸ்கிரிப்ட் பிழையும் காட்டாது, நகரவும் நகராது. கருவி இறந்ததா, மௌனமாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விண்டோஸில் கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் அடுத்த பைட் வரும்வரை பதில் இருக்காது.

எடை மேடைக்கு இதை வைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் கணக்கைப் பாருங்கள். ஒரு சட்டம் 18 பைட், வினாடிக்கு 10 சட்டம், ஆக 180 பைட். லினக்ஸில் சீரியல் போர்ட்டைக் கையாளும் டிடிஒய் அடுக்கில் தாங்கி (வந்த பைட் படிக்கும்வரை தங்கும் இடம்) 4096 பைட். விண்டோஸில் பைசீரியல் கேட்டு வாங்குவதும் அதே 4096. வண்டி எண், விவசாயி பெயர், ரகம் என்று தட்டச்சு செய்ய 20 வினாடி ஆகிறது. அதற்குள் 3600 பைட் சேர்ந்துவிடும். பிறகு ரீட்லைன் அழைத்தால் கிடைப்பது வரிசையின் தலையில் உள்ள மிகப் பழைய வரி, வண்டி மேடையில் பாதி ஏறிய கணத்தின் எடை, அல்லது அதற்கும் முந்தைய வண்டி. தாங்கி நிரம்பிய பின் நிலைமை இன்னும் மோசம்: புதியவை சிந்திப்போகும், பழையவை பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

டைம்அவுட் வைத்த சுழல்

நடுத்தர வேலைகளுக்கு எங்கள் தேர்வு இதுதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பைசீரியலில் டைம்அவுட் முடிந்தால் ரீட்லைன் பிழை எழுப்பாது, அதுவரை வந்த அரைகுறை வரியை அப்படியே தந்துவிடும். 012340 என்பது 0123 என்றும் 40 என்றும் இரண்டு துண்டாக வரலாம். 40 கிலோ என்பது சரியாக ஒரு சிப்பம் நெல்லின் எடை. மூட்டைத் தராசு ஸ்கிரிப்ட் அதைச் சந்தேகமே இல்லாமல் விழுங்கிவிடும்.

ஆகவே ரீட்லைனை விட்டுவிட்டு, காத்திருக்கும் பைட் எத்தனையோ அத்தனையையும் (ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றை மட்டும், 0.2 வினாடி டைம்அவுட்டோடு) வாங்கி உங்கள் சொந்த பைட் வரிசையில் சேருங்கள். அதில் முடிவுக் குறி தென்பட்டால் மட்டும் ஒரு சட்டத்தை வெட்டி எடுங்கள், மிச்சம் அங்கேயே இருக்கட்டும். வெட்டிய சட்டத்தின் நீளம் சரியா, தொடக்கக் குறி இருக்கிறதா, எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்தான் இருக்கிறதா என்று பார்த்து, பொருந்தாததைத் தூக்கிப்போடுங்கள். சரிபார்ப்புக் கூட்டு அனுப்பும் கருவி என்றால் அதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். முடிவுக் குறி வராமலே வரிசை 1024 பைட்டைத் தாண்டினால் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் தவறான பாட் வேகத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் மெல்ல நினைவகத்தைத் தின்னும்.

தட்டச்சுக்காக நின்றுவிட்டு வந்து எடை வாங்கும் ஸ்கிரிப்டில், உள்வரும் தாங்கியைக் காலி செய்துவிட்டு, முதலில் கிடைக்கும் சட்டத்தையும் எறிந்துவிட்டு, இரண்டாவதிலிருந்து நம்புங்கள். காலி செய்த கணம் ஒரு சட்டத்தின் நடுவில் விழுந்திருக்கும். யுஎஸ்பி அடாப்டருக்குள்ளும் கொஞ்சம் தங்கியிருக்கும், எஃப்டிடிஐ சில்லு இயல்பாக 16 மில்லிவினாடி வரை சேர்த்துவைத்துத்தான் அனுப்பும்.

தனி த்ரெட்

திரையில் பொத்தான், கேமரா, பில் அச்சு எல்லாம் இருக்கும் எடை மேடை நிரலுக்கு மேலே சொன்ன சுழலை ஒரு தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளையில்) ஓட்டுங்கள். அந்த த்ரெட்டுக்கு இரண்டே வேலை: படிப்பது, சட்டம் வெட்டுவது. தரவுத்தளம், திரை, அச்சு எதையும் அது தொடக்கூடாது. முதன்மை நிரல் எவ்வளவு நேரம் தூங்கினாலும் தாங்கி நிரம்பாது.

படித்ததை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். த்ரெட் என்றதும் கியூ (வந்த வரிசையில் சேர்த்துவைக்கும் பட்டியல்) என்று கை போய்விடுகிறது. ஓயாமல் பேசும் இண்டிகேட்டருக்குக் கியூ வைத்தால் கெர்னலில் (இயக்க முறைமையின் மையத்தில்) இருந்த பழைய எடைச் சிக்கலை உங்கள் நிரலுக்குள்ளேயே கட்டி வைத்ததாகும், அதுவும் 4096 பைட் என்ற வரம்புகூட இல்லாமல். அதற்கு வேண்டியது ஒரே ஒரு மாறி: கடைசி எடையும், அது வந்த நேரமும். நேரம் இல்லாமல் எடை மட்டும் வைத்தால் இண்டிகேட்டர் அணைந்து பத்து நிமிடம் ஆன பிறகும் பழைய எண் திரையில் கம்பீரமாக நிற்கும். ஒரு வினாடிக்கு மேல் பழசானால் எடையைக் காட்டாமல் கோடு காட்டுங்கள், அச்சுப் பொத்தானையும் பூட்டுங்கள். நேரத்துக்கு மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தையே எடுங்கள், கணினி காட்டும் சாதாரண மணி இணையத்தோடு ஒத்திசையும்போது தாவும். ஈரப்பதமானிக்கு மாறாகக் கியூதான் சரி.

நிலையான எடை எது என்பதையும் இங்கேயே முடிவு செய்யலாம். சில இண்டிகேட்டர்கள் நிலைத்ததா ஆடுகிறதா என்று சட்டத்திலேயே குறி அனுப்பும், அப்படி இருந்தால் அதையே நம்புங்கள். வெறும் எண் மட்டும் அனுப்பும் ரகத்துக்கு, கடைசி 2 வினாடியில் வந்த அத்தனை வாசிப்பும் மேடையின் ஒரு படிக்குள் (அது காட்டும் மிகச் சிறிய எடை வித்தியாசத்துக்குள்), 10 கிலோ படி என்றால் 10 கிலோவுக்குள், அடங்கினால் நிலைத்தது என்று கொள்ளலாம். ஒரு சீட்டு போட்டதும், எடை 100 கிலோவுக்குக் கீழே இறங்கி மேடை காலியாகும்வரை அடுத்த சீட்டை அனுமதிக்காதீர்கள். ஒரே வண்டிக்கு இரண்டு சீட்டு என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பைசீரியலிலேயே த்ரெட் வசதி தயாராக உண்டு, ரீடர்த்ரெட் என்று பெயர். நன்றாகத்தான் இருக்கிறது. இணைப்பு அறுந்தால் மீண்டும் திறப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

அசிங்க்ஐஓ

பல காத்திருப்புகளை ஒரே த்ரெட்டில் மாறி மாறிக் கவனிக்கும் பைத்தான் முறை இது. ஏழெட்டு மீட்டர், உலர்த்தி, ஒரு வலைப்பக்கம் எல்லாம் ஒரே நிரலில் என்றால் அழகாக இருக்கும். ஒரு எடை மேடைக்கு இது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எங்கோ ஒரு மூலையில் சாதாரண ஸ்லீப் (நிரலைத் தூங்கவைக்கும் கட்டளை) ஒன்றோ, மெதுவான தரவுத்தள எழுத்து ஒன்றோ நுழைந்துவிட்டால் எல்லாக் கருவியும் ஒன்றாக ஸ்தம்பிக்கும். எழுதியவர் போன பிறகு அதைக் கண்டுபிடிக்க ஊரில் ஆள் கிடைப்பது கடினம். விண்டோஸில் பைசீரியலின் அசிங்க் துணைநூலகத்துக்கு ஆதரவும் அரைகுறைதான்.

மோட்பஸ் கருவிகளுக்குச் சொந்தமாக எதுவும் எழுதாமல் பைமோட்பஸ் அல்லது மினிமல்மோட்பஸ் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 எழுத்து நேர மௌனம்தான் சட்டத்தின் எல்லை என்று மோட்பஸ் விதி சொல்கிறது. 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லிவினாடி. 16 மில்லிவினாடி சேர்த்துவைக்கும் யுஎஸ்பி அடாப்டர் வழியாக அந்த மௌனத்தை ஸ்கிரிப்டால் அளக்க முடியாது. எதிர்பார்க்கும் பைட் எண்ணிக்கையையும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தனி சேவை

ஒரே எடையை பில்லிங் நிரல், வெளியே உள்ள பெரிய எண் பலகை, உரிமையாளர் கைபேசி மூன்றும் கேட்டால், போர்ட்டை மூன்று நிரல்கள் திறக்கப் பார்க்கும். விண்டோஸ் இரண்டாவதை மறுத்துவிடும், அது நல்லது. லினக்ஸ் அனுமதித்துவிடும். அப்போது பைட்டுகள் இரண்டு நிரலுக்கும் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து போகும், இருவரிடமும் உடைந்த சட்டம். பைசீரியலில் எக்ஸ்க்ளூசிவ் (ஒருவருக்கு மட்டும்) என்ற அமைப்பை இரண்டு பக்கமும் போட்டால் இது பிழையாகவாவது வெளியே தெரியும்.

சரியான தீர்வு, போர்ட்டை ஒரே சேவை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு எம்க்யூடிடி (செய்தி பரிமாறும் நெறிமுறை) வழியாகவோ உள்ளூர் சாக்கெட் வழியாகவோ எடையைத் தருவது. லினக்ஸில் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நடத்துவது) சேவையாகப் போட்டு, விழுந்தால் தானே எழும்படி வைக்கலாம். வேலை கொஞ்சம் கூடுதல். ஒரு கணினி, ஒரு நிரல் உள்ள இடத்தில் இதைத் திணிப்பது சைக்கிளுக்கு ஸ்டெப்னி வாங்குவது போல. இரண்டாவது நிரல் வரப்போகிறது என்று தெரிந்தால் முதல் நாளே இப்படிக் கட்டிவிடுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.

எடையை விசைப்பலகையில் தட்டியது போல உள்ளிடும் மென்பொருள்களும் உண்டு. கர்சர் வேறு கட்டத்தில் நின்றால் எடை விவசாயி பெயரில் போய் உட்காரும். கணக்கு வழக்குக்கு அதை எடுக்காதீர்கள்.

எந்த வழியானாலும் விடாத தொல்லைகள்

ஜெனரேட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் யுஎஸ்பி அடாப்டர் அறுந்து மீண்டும் ஒட்டும். ஸ்கிரிப்ட் பழைய போர்ட்டை மூடாமல் பிடித்திருந்தால் லினக்ஸில் டிடிஒய்யுஎஸ்பி-0 என்ற போர்ட் பெயர் டிடிஒய்யுஎஸ்பி-1 ஆகிவிடும். பிழை வந்தால் மூடு, 2 வினாடி பொறு, மீண்டும் திற என்ற சுற்று கட்டாயம் இருக்க வேண்டும். எண்ணை நம்பாமல் சீரியல் கோப்புறையில் அடாப்டரின் அடையாளப்படி உள்ள பெயரைப் பயன்படுத்துங்கள். அடாப்டர்களில் வரும் சிஎச்340 சில்லுகளில் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது, இரண்டு வைத்தால் பெயர் மோதும். அப்போது எந்த யுஎஸ்பி துளை என்ற பாதைப் பெயரை எடுத்து, துளையில் பெயிண்ட் அடையாளம் வைத்துவிடுங்கள். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சொருகியதும் காணாமல் போனால் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும், நீக்கிவிடலாம்.

விண்டோஸில் இன்னொரு வேடிக்கை. ஓயாமல் பேசும் இண்டிகேட்டர் இணைந்திருக்கும்போது கணினியைத் துவக்கினால், சில நேரம் விண்டோஸ் அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று எண்ணிவிடும். அம்பு தானாகத் துள்ளி எதை எதையோ சொடுக்கும், பார்ப்பவர் வைரஸ் என்பார். டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸை முடக்கினால் போதும்.

ஆர்டுயினோ (நிரல் ஏற்றிக்கொள்ளும் சிறு மின்னணுப் பலகை) வைத்துச் செய்த கருவிகளுக்குப் போர்ட்டைத் திறக்கும் செயலே மறுதொடக்கம். ஒவ்வொரு வாசிப்புக்கும் திறந்து மூடினால் கருவி எழுந்திருக்கவே நேரமிருக்காது. ஒரு முறை திறந்து அப்படியே வைத்திருங்கள்.

சோதனையை அறுவடைக்கு முன்பே முடித்துவிடுங்கள், காலி மேடையில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சில சீன இண்டிகேட்டர்கள் சமக்குறிக்குப் பின் இலக்கங்களைத் தலைகீழாக அனுப்பும், 012340 என்பது 043210 என்று வரும். காலி மேடையின் 000000 எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான், ஆகவே அந்தப் பிழை அன்று தெரியாது. 40 கிலோ சிப்பம் 250 ஏற்றிய வண்டியை, அதாவது பத்து டன் நெல்லை, முதலில் நெல்லோடும் பிறகு காலியாகவும் போட்டு, திரையில் உள்ள எண்ணையும் இண்டிகேட்டர் முகப்பையும் பக்கத்தில் நின்று ஒப்பிடுங்கள். இடையில் ஒரு முறை இண்டிகேட்டரை அணையுங்கள், ஒரு முறை யுஎஸ்பியைப் பிடுங்கிச் சொருகுங்கள், ஒரு முறை தட்டச்சை ஒரு நிமிடம் இழுத்தடியுங்கள்.